ஏழாவது விதி

கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறவனுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. நெட் ஓடிக்கொண்டிருக்கும் வரை நான் யாரென்று யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால் ‘அந்த வைஃபை சார் எங்கே’ என்று தேடிக்கொண்டு வருவார்கள். கொங்குப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். இத்தனை வருடத்தில் இடி இறங்கி ஸ்விட்ச் கருகியிருக்கிறது, மொட்டை மாடியில் போன ஃபைபரை எலி கடித்துப் பரீட்சை நேரத்தில் இரண்டு நாள் திண்டாடியிருக்கிறோம். அதெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. 2019 பிப்ரவரியில் ஒரு பஸ் கண்டக்டர் பிரின்சிபால் அறையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டது மட்டும் அப்படி ஆகவில்லை.

அதற்கு முன்னால் அந்த லாகின் பக்கத்தை நான் எப்படிக் கட்டினேன் என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

2016 வரை எங்கள் ஹாஸ்டலுக்கு ஒரே பாஸ்வேர்டுதான். மெஸ் சுவரில் யாரோ கரியால் எழுதிவைத்திருந்தார்கள், அதை அழிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. யார் என்ன பார்க்கிறான் என்றே தெரியவில்லை, ஆளாளுக்கு லாகின் வேண்டும் என்றார் பிரின்சிபால். சரி என்று ஃபயர்வாலோடு (கல்லூரிக்கும் வெளி நெட்டுக்கும் நடுவில் காவல் நிற்கிற கருவி) வந்த லாகின் பக்கத்தை எடுத்து நிறுத்தினேன். யூசர்நேமுக்குப் பல்கலைக்கழகப் பதிவு எண். எங்கள் ஊரில் பொறியியல் படித்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு இலக்கம் மனப்பாடமாக இருக்கும்: முதல் நான்கு கல்லூரிக் குறியீடு, அடுத்த இரண்டு சேர்ந்த வருடம், அடுத்த மூன்று துறை (கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 104, ஈசிஇ என்றால் 106), கடைசி மூன்று வரிசை எண். அதாவது ஒருவன் எண் தெரிந்தால் வகுப்பு முழுவதன் எண்ணும் தெரிந்த மாதிரி. பாஸ்வேர்டுக்கு ஆபீஸில் கொடுத்த எக்செல் தாளில் இருந்த பிறந்த தேதி. ஆயிரத்து நானூறு பேரை ஒரே சாயங்காலத்தில் ஏற்றி முடித்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி டீ குடிக்கப் போனது ஞாபகம் இருக்கிறது.

பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டால்தான் அந்தக் காலத்தில் செமஸ்டர் ரிசல்ட் தெரியும். ரிசல்ட் வருகிற அன்று சர்வர் திணறும். அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன், நல்ல சிக்னல் கிடைக்கிற பையன், எல்லாருடைய எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வாட்ஸாப்பில் போடுவான். அவனைத் திட்ட முடியாது, அது ஒரு சேவை. அந்த நோட்டுதான் என்னுடைய பாஸ்வேர்டு கோப்பு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். பாஸ்வேர்டு மாற்றுகிற பக்கம் ஃபயர்வாலில் இருந்தது. அதை நான்தான் மறைத்துவைத்தேன். திறந்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் ‘சார், மறந்துட்டேன்’ என்று ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். நானும் ஒரு லேப் அசிஸ்டன்ட்டும்தான் மொத்த டிபார்ட்மென்ட்டே.

லாகின் கட்டத்துக்குக் கீழே பயன்பாட்டு விதிகள் என்று ஏதாவது போட வேண்டும் என்றார்கள். ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்து பதினான்கு விதிகளை அப்படியே இழுத்துப்போட்டு, அவர்கள் பெயர் இருந்த இடத்தில் எங்கள் பெயரை மாற்றினேன். நானும் படிக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் பதினோராவது விதியில் அந்த ஊர் மாநிலச் சட்டத்தின் பெயர் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். ஒருவரும் வந்து கேட்கவில்லை, அதனால் சத்தமில்லாமல் நீக்கிவிட்டேன். ஏழாவது விதி இப்படிச் சொன்னது, தமிழில் சொன்னால்: உங்கள் கணக்கின் வழியாக நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களே முழுப் பொறுப்பு, பாஸ்வேர்டை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் கடமை. அதற்கும் கீழே ‘ஐ அக்ரி’ என்று பச்சை நிறத்தில் ஒரே ஒரு பட்டன்.

அந்தப் பட்டனை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கற்றுக்கொண்டதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. இந்த மாதிரி லாகின் பக்கம் வேலை செய்வதே ஒரு சின்ன ஏமாற்று வேலைதான். போன் வைஃபையில் சேர்ந்ததும் நெட் இருக்கிறதா என்று தனக்குத் தெரிந்த ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டு என்றால் 204 என்ற வெற்றுப் பதில் வர வேண்டும், ஐபோன் என்றால் ‘சக்ஸஸ்’ என்ற ஒரு சொல். ஃபயர்வால் நடுவில் புகுந்து அந்தப் பதிலுக்குப் பதிலாகத் தன் பக்கத்தை நீட்டும், ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு போன் லாகின் சன்னலைத் திறக்கும். இது பூட்டில்லாத பழைய எச்டிடிபி முகவரிக்குத்தான் நடக்கும். நேராகப் பூட்டுள்ள எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போகிறவனை நடுவில் மறித்தால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும், காட்டத்தான் வேண்டும். இது உண்மையான சர்வர்தான் என்று காட்டுகிற சான்றிதழை எங்கள் சர்வருக்குக் காசு கொடுத்து வாங்காமல் நாங்களே கையெழுத்துப் போட்டு ஒன்று செய்திருந்தோம், அதற்கும் சிவப்பு எச்சரிக்கை. ‘அட்வான்ஸ்டு அழுத்து, புரொசீட் அழுத்து, அப்புறம் ஐ அக்ரி அழுத்து’ என்று முதலாமாண்டு அறிமுக நாளில் மேடையில் நின்று மைக்கில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிரின்சிபால் அறை

2019 பிப்ரவரியில் எங்களுக்கு நெட் தருகிற கம்பெனியிடமிருந்து ஒரு மெயில். முந்தைய நாள் இரவு 11.40-க்கு மேல் உங்கள் முகவரியிலிருந்து ஒரு வெளி சர்வரின் 22-ஆம் போர்ட்டில் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைகிற வழி) ஆயிரக்கணக்கான தடவை லாகின் முயற்சி நடந்திருக்கிறது, கவனியுங்கள், இல்லையென்றால் இணைப்பைத் துண்டிப்போம். யார் எப்போது எங்கே போனார்கள் என்று ஃபயர்வால் எழுதிவைக்கிற லாகைத் திறந்தேன். அந்த வெளி முகவரியைப் போட்டுத் தேடியதும் வரிசையாக விழுந்தது. எல்லா வரியிலும் ஒரே பதிவு எண். ஈசிஇ மூன்றாமாண்டுப் பையன். ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து, அந்த எண்ணுக்கு மஞ்சள் மார்க்கர் அடித்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. ‘பரவாயில்லையே, சிஸ்டம் நல்லா வேலை செய்யுது’ என்றார் பிரின்சிபால். உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் அப்பாவை அழைத்துக்கொண்டு வரச்சொல்லியிருந்தார்கள். டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தார் போல, காக்கிச் சட்டை, தோளில் பை. பையன் பக்கத்தில் நின்றான். எச்ஓடி, பிரின்சிபால், ஒழுங்குக் குழுவில் இரண்டு பேர், மூலையில் ஒரு நாற்காலியில் நான். தாளை அவரிடம் நீட்டினார்கள். அவர் அதைக் கையில் வாங்கி, ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேரத்தின் மேல் விரலை வைத்தார்.

‘ராத்திரி பதினொன்னே முக்காலுங்களா சார்? நான் கடைசி டிரிப் முடிச்சு வீட்டுக்கு வந்தப்ப இவன்தானுங்க கதவைத் தொறந்தான்.’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் டே ஸ்காலர். தினமும் கல்லூரி பஸ்ஸில் வந்து போகிறவன். அந்த நேரத்தில் எங்கள் வைஃபையில் இருக்கவே முடியாது. எந்தக் கட்டடத்தின் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை பெட்டி, என்பது ஃபயர்வாலில் வராது, வயர்லெஸ் கன்ட்ரோலர் என்று இன்னொரு திரையில் இருக்கும். அதை நான் திறந்தே பார்க்கவில்லை. எண் கிடைத்ததும் ஆள் கிடைத்துவிட்டான் என்று நிறுத்திக்கொண்டேன்.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் குழுவில் ஒருவர், சட்டம் பேசுவதில் ஆர்வமுள்ளவர், தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே நான் போட்ட பதினான்கு விதிகள். ‘அப்படின்னா பாஸ்வேர்டை வேற யாருக்கோ கொடுத்திருக்கான். ஏழாவது விதி பாருங்க. எது நடந்தாலும் கணக்குக்காரன்தான் பொறுப்பு. அக்ரி பண்ணித்தான் உள்ளே போயிருக்கான்.’ பையன் ‘நான் யாருக்கும் குடுக்கல சார், டேட் ஆஃப் பர்த் எல்லாருக்கும் தெரியும் சார்’ என்றான். அந்த வாக்கியத்தை அந்த அறையில் புரிந்துகொண்டது நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை.

அப்போது அந்த அப்பா என் பக்கம் திரும்பினார். கம்ப்யூட்டர்காரன் இவன்தான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது.

‘சார், நான் டெய்லி ஆயிரம் டிக்கெட் குடுக்கறனுங்க. எதுலயும் பேர் இருக்காது. யார் கையில இருக்குதோ அவங்களோடதுன்னு எடுத்துக்குவோம். செக்கிங் ஏறுனாக் கூட டிக்கெட்டை மட்டும் பார்க்க மாட்டாங்க, ஆளையும் பார்ப்பாங்க. நீங்க டிக்கெட்டுல இவன் பேரை நீங்களே அடிச்சு வச்சிருக்கீங்க. யார் கையில இருந்துச்சுன்னு பார்த்தீங்களாங்க?’

கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம். பஸ்ஸில் சில்லறை கேட்பது மாதிரி கேட்டார். நான் ‘லாக்ல அப்படித்தான் இருக்கு’ என்றேன்.

இரண்டு வாரம் சஸ்பென்ஷன். அந்த இரண்டு வாரத்தில் ஓர் இன்டர்னல் டெஸ்ட் போனது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கல்லூரிக்கே திரும்பிப் போய்க் கன்ட்ரோலரைத் திறந்தேன். ஆண்கள் ஹாஸ்டல், மூன்றாவது மாடி. ஒரு லேப்டாப். அதே லேப்டாப் முந்தைய ஒரு மாதத்தில் ஐந்து வெவ்வேறு பதிவு எண்ணில் உள்ளே வந்திருந்தது, எல்லாம் ஒரே வகுப்பு எண்கள். ஒருவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நான் போட்டிருந்த டேட்டா அளவு தீர்ந்ததும் அடுத்தவன் எண்ணுக்கு மாறியிருக்கிறான். அந்தத் தாக்குதல்கூட அவன் வேண்டுமென்று செய்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. திருட்டு சாஃப்ட்வேர் போட்ட லேப்டாப்பில் வைரஸ் இருந்து, அது தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்திருக்கலாம். மறுநாள் இதையெல்லாம் தாளில் எடுத்துக்கொண்டு போனேன். ‘மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட் போயாச்சு. முடிஞ்ச விஷயம், விடுங்க’ என்றார்கள். விட்டுவிட்டேன்.

எச்சரிக்கை யாருக்கு

கம்ப்யூட்டர் லாகின் திரையில் எச்சரிக்கை போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்திருக்கிறேன். 1988-இல் மாரிஸ் வார்ம் என்ற, தானாகப் பரவும் நிரல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களைப் படுக்கவைத்த பிறகு, இப்படிப்பட்ட சம்பவங்களைக் கவனிக்க கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1992 டிசம்பரில் அது அந்த நாட்டு நீதித்துறையின் ஆலோசனை ஒன்றை எல்லா நிர்வாகிகளுக்கும் அனுப்பியது. விஷயம் இவ்வளவுதான்: உள்ளே வருகிறவன் தட்டுகிற எழுத்துகளை நீங்கள் கண்காணிப்பதாக இருந்தால், கண்காணிக்கிறோம் என்று முதலிலேயே பேனர் போட்டுச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் பார்ப்பது சட்டவிரோதமாகிவிடலாம். ஆக, நாங்கள் என்ன செய்கிறோம் என்று நிர்வாகி தன்னைப் பற்றிச் சொல்கிற அறிவிப்பாக இருந்தது. என் பதினான்கு விதிகளில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒரு வரி கிடையாது. பதினான்கும் நீ என்ன செய்யக் கூடாது, செய்தால் உன்னை என்ன செய்வோம்.

படிக்காமல் அழுத்துவது எங்கள் பையன்களுடைய கெட்ட பழக்கம் என்றும் சொல்ல முடியாது. 2017-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு வைஃபை நிறுவனம் தன் இலவச வைஃபையின் விதிகளுக்குள், ஆயிரம் மணி நேரம் பொதுக் கழிப்பிடம் கழுவுவது மாதிரியான சமூக சேவை செய்யச் சம்மதம் என்று வேண்டுமென்றே ஒரு வரி நுழைத்து வைத்தது. இரண்டு வாரத்தில் இருபத்திரண்டாயிரம் பேர் சம்மதித்தார்கள். கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு என்றும் எழுதியிருந்தது, பரிசு கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ள ஊரில் இந்தக் கதை. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, வைஃபை கிடைத்தால் அம்மாவுக்கு வீடியோ கால் போடலாம் என்று நிற்கிற பையனிடம் அமெரிக்க வக்கீல் இங்கிலீஷை நீட்டி ‘ஒத்துக்கொள்’ என்றால்? ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல அந்தப் பக்கத்தில் பட்டன்கூட இல்லை.

வாசலில் கேட்பது

மாற்றுவதற்கு எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, 2022 ஏப்ரலில் கிடைத்தது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பட்டியலில் உள்ள சைபர் சம்பவம் எது நடந்தாலும் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் என்ஐசி அல்லது என்பிஎல் என்ற அரசு நிறுவனங்களின் நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். கடிகாரம்தானே என்று ஃபயர்வாலைப் பார்த்தால் ஒன்பது நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று தெரியாது. அந்தக் கண்டக்டர் விரல் வைத்த 11.40-கூட 11.40 தானா என்று யாருக்குத் தெரியும்.

மேனேஜ்மென்ட்டில் அரசு உத்தரவு என்று சொன்னால் காசு வரும், வந்தது. லாகின் பக்கத்தைத் தூக்கிவிட்டு 802.1எக்ஸ் என்ற முறையைப் போட்டோம். பழைய முறையில் எவனும் திண்ணை வரை வந்து உட்கார்ந்துவிடுவான், அங்கே வைத்து யார் நீ என்று கேட்போம். இதில் வாசலிலேயே கேள்வி. போன் ஆக்சஸ் பாயிண்ட்டிடம் சொல்ல, அது பின்னால் இருக்கும், பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற ஃப்ரீரேடியஸ் சர்வரிடம் கேட்டு, சரி என்றால்தான் கதவு திறக்கும். பாஸ்வேர்டை பேங்க் ஏடிஎம் பின் மாதிரி ஒட்டிய கவரில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம், முதல் முறை வந்ததும் மாற்றியே ஆக வேண்டும். திங்கட்கிழமை வரிசை நான் பயந்தபடியே வந்தது. முதல் வாரம் ஐம்பது இல்லை, நூறு பேர். மூன்றாவது வாரத்தில் எட்டுப் பேர். இதற்குப் போய் ஆறு வருடம் பயந்தேன்.

சான்றிதழ் விஷயம்தான் உயிரை எடுத்தது. போன் தன் பாஸ்வேர்டைக் கொடுப்பதற்கு முன் எதிரில் இருப்பது உண்மையான கல்லூரி சர்வர்தானா என்று சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் மாடிப்படியில் அதே பெயரில் ஒரு போலி வைஃபை வைத்து எல்லார் பாஸ்வேர்டையும் வழித்துக்கொண்டு போகலாம். பழைய ஆண்ட்ராய்டில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று ஒரு தேர்வு இருந்தது, பாதிக் கல்லூரிகள் அதைத்தான் போஸ்டர் அடித்து ஒட்டியிருந்தன. 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டில் பிக்சல் போன்களிலிருந்து தொடங்கி அதை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு ஹாஸ்டல் வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போனிலும் எங்கள் சர்வரின் டொமைன் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது வேறு சொன்னேன். லேப்டாப்பை வைத்து ஆளைப் பிடித்த பழைய வித்தையும் போனில் இனி நடக்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போனின் மேக் முகவரியே (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) ஒவ்வொரு வைஃபைக்கும் வேஷம் போட்டுக்கொண்டுதான் வருகிறது. பையன்களுக்கு அது நல்லதுதான்.

பதினோரு வரி

விதிகளை நானே தமிழில் எழுதினேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழிசெய்யச் சொல்கிறது. அதைக் காட்டித்தான் அனுமதி வாங்கினேன். பதினோரு வரி. எழுதுவது லேசாக இல்லை. லாக் என்பதற்குப் பதிவு என்று போட்டால் பதிவு எண்ணோடு குழம்புகிறது. கடைசியில் ‘நீங்கள் எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று எங்கள் கருவி எழுதிவைக்கும், ஆறு மாதம் இருக்கும்’ என்று எழுதினேன். அடுத்த வரி: ‘அந்தத் தளத்தில் என்ன படித்தீர்கள், யாருக்கு என்ன எழுதினீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது.’ எச்டிடிபிஎஸ் வந்த பிறகு எங்கள் ஃபயர்வாலுக்குத் தெரிவது அவ்வளவுதான். கல்லூரி வக்கீலுக்கு இது பிடிக்கவில்லை. நமக்கு எது தெரியாது என்பதை நாமே ஏன் சொல்ல வேண்டும், பயம் இருக்கட்டுமே என்றார். அரை மணி நேரம் வாதாடி அந்த வரியைக் காப்பாற்றினேன்.

காப்பாற்ற முடியாத வரியும் உண்டு. பெண்கள் ஹாஸ்டல் வார்டன் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், பதினொரு மணிக்கு மேல் எந்தப் பெண் எந்த ஆப்பில் இருக்கிறாள் என்று பட்டியல் கொடுங்கள் என்று. ஆண்கள் ஹாஸ்டலில் அப்படி யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிரின்சிபாலின் எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் இந்தத் தகவலை வார்டனுக்கோ ஆசிரியருக்கோ தர மாட்டோம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டார்கள். பட்டியல் நான் இன்றுவரை கொடுக்கவில்லை, ஆனால் அது என் சொந்தப் பிடிவாதம். அடுத்து வருகிறவனுக்கு அந்தப் பிடிவாதம் இருக்குமா என்று எதுவும் எழுதிவைக்கப்படவில்லை.

ஏழாவது விதியை எடுக்க வக்கீல் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒருவழியாக மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்: ‘பாஸ்வேர்டை நீங்களே இன்னொருவருக்குக் கொடுத்தால், அதற்குப் பிறகு நடப்பதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு.’ நீங்களே என்பதில் ஓர் ஏகாரமும், உங்களுக்கும் என்பதில் ஓர் உம்மும். அந்த இரண்டும் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பையன் 2020 கடைசியில் சான்றிதழ் வாங்க வந்தான், முகத்தில் மாஸ்க். நோ டியூ படிவத்தில் லைப்ரரி, லேப், மெஸ் என்று ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கிக்கொண்டு கடைசியாக என் மேஜைக்கு. பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். நெட்வொர்க் பாக்கி எதுவும் இல்லை என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ‘தேங்க்ஸ் சார்’ என்றான்.

புதிய அறிவிப்பு இப்போது கவரோடு ஒரு தாளாகவும் போகிறது. கீழே சம்மதம், வேண்டாம் என்று இரண்டு கட்டம். அதுவும் யாரும் படிக்கப்போவதில்லை என்றுதான் லேப் அசிஸ்டன்ட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுக்க ஆரம்பித்து நான்கு மாதம் இருக்கும், முதலாமாண்டு மெக்கானிக்கல் பெண் ஒருத்தி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். பாஸ்வேர்டு மறந்துபோச்சா என்றேன்.

‘இல்லைங்க சார். ஏழாவது வரியில பொறுப்புக்கு சின்ன ரு போட்டிருக்கு. அப்படிப் போட்டா மலைன்னு அர்த்தம்.’

தாளை வாங்கிப் பார்த்தேன். உங்களுக்கும் பொருப்பு உண்டு. ஆயிரத்து நானூறு காப்பி.